ஷார்ஜாவில் ஒரு மாசச்சூசெட்ஸ்

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் வருஷக்கணக்காக அமெரிக்க சரித்திரம் நடத்தி வருகிறேன். முதல் பாடமே பியூரிட்டன்கள். இங்கிலாந்து ராஜாவின் திருச்சபையில் தூய்மை போதவில்லை என்று மனம் கசந்து, கப்பலேறி, மாசச்சூசெட்ஸ் என்ற குளிர் வாட்டும் ஒரு கடற்கரையில் போய் இறங்கி, அங்கே வேதத்தின்படி ஒரு அரசாங்கம் நடத்தப் பார்த்தவர்கள். அவர்களைப் பற்றி ஐந்து மார்க்குக்கும் பேசுவேன், இருபது மார்க்குக்கும் பேசுவேன். நேரில்தான் பார்த்ததில்லை. எழுபதுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறையில் ஷார்ஜா போனபோது பார்த்தேன்.

நான் போன காரியம் வேறு. தங்கை எஸ்தருக்கு ஏழாம் மாசம். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து நின்ற கரு. அதற்கு முன் இரண்டு கலைந்து போயிருந்தன. ஊருக்கு வந்து பெற்றுக்கொள் என்றால் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்களுக்கு அம்மா இல்லை. எனக்குக் குடும்பம் இல்லை, லீவு இருந்தது. ஊறுகாய் ஜாடியைக் கட்டி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

துபாய் துறைமுகத்துக்கு எஸ்தரின் கணவர் தங்கராஜ் பிக்கப் வண்டியோடு வந்திருந்தார். நாசரேத் பக்கத்து ஆள். ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். அதிகம் பேச மாட்டார், பேசினால் தரையைப் பார்த்துத்தான் பேசுவார். "குறுக்கால போனா சீக்கிரம் போயிரலாம் மைனி" என்று தார் ரோட்டை விட்டு இறக்கினார். கொஞ்ச தூரத்திலேயே சக்கரம் மணலில் புதைந்துவிட்டது. மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கியது. நான் வெயிலில் நின்றேன். அதை வெயில் என்று சொல்லக் கூடாது. பாளையங்கோட்டை வெயில் தலையில்தான் அடிக்கும், இது மூக்குக்குள் புகுந்து அடித்தது.

அந்தப் பக்கமாகப் போன ஒரு பாகிஸ்தான் பட்டாணியர் லாரியை நிறுத்தி இறங்கி வந்து நாலு டயரிலும் பாதிக் காற்றைப் பிடுங்கிவிட்டார். அவர் உருதுவில் ஏதோ திட்ட, தங்கராஜ் அதைத் தமிழில் சொன்னார்: "காத்தை எறக்காம மிதிக்கிறவனுக்கு எவன் லைசென்ஸ் குடுத்தான்னு கேக்காரு." பணம் வாங்க மறுத்துவிட்டார். என் பையிலிருந்த முறுக்கைக் கொடுத்தேன். ஒன்றை எடுத்து, சுற்றிப் பார்த்து, எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே லாரியில் ஏறினார். அந்தப் பயணம் முழுவதிலும் நான் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

கம்பெனி காம்பவுண்டு ஷார்ஜா தொழில்பேட்டையின் ஓரத்தில் இருந்தது. கராஜ்களைத் தாண்டி, பழைய டயர் மலைகளைத் தாண்டி, வெறும் மணலில் ஒரு நீளமான சுவர், ஒரு கேட். உள்ளே குடும்பங்களுக்கு ஒற்றை ரூம் வீடுகள் வரிசையாக, நடுவில் ஒரு மெஸ் ஹால், பின்னால் ஒரு ஜெனரேட்டர். குடியிருந்தவர்கள் பெரும்பாலும் திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவர்கள். முதலாளி அரபி. எல்லாருக்கும் விசா அவர் பெயரில், எல்லாருடைய பாஸ்போர்ட்டும் அவர் அலமாரியில். ஆனால் அவர் மாசத்துக்கு ஒரு தடவை வந்து எட்டிப் பார்ப்பதோடு சரி. மற்றபடி அந்த ராஜ்யத்தை ஆண்டவர் மேனேஜர் ஏசுவடியான். வெள்ளிக்கிழமைகளில் அதே மெஸ் ஹாலில் நடக்கும் ஜெபக்கூட்டத்துக்கும் அவர்தான் மூப்பர்.

அவரைப் பொல்லாதவர் என்று எழுதிவிட்டால் எனக்குச் சௌகரியம். அப்படி இல்லை. எஸ்தரின் கால் வீங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டு மீன் கம்பெனியிலிருந்து ஐஸ் கட்டி வாங்கி வந்தவர் அவர். வாரத்தில் ஒரு நாள் பட்டினி இருந்து ஜெபிப்பார். நான் போன அன்றைக்கே வந்து கும்பிட்டுவிட்டுக் கேட்டார்: "டீச்சர் இரட்சிக்கப்பட்டவங்களா?"

"நான் சரித்திரம் நடத்துறவ" என்றேன்.

அது பதிலில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். எனக்குக் குழந்தையிலேயே ஞானஸ்நானம் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவேன், கீர்த்தனைகள் மனப்பாடம். இன்ன நாளில் இன்ன இடத்தில் கர்த்தர் என்னைத் தொட்டார் என்று எழுந்து நின்று சொல்லச் சொன்னால் எனக்கு ஒன்றும் இல்லை. அங்கே அப்படிச் சொல்வதற்குச் சாட்சி என்று பெயர். சாட்சி உள்ளவர்கள், சாட்சி இல்லாதவர்கள் என்று ஜனங்களே இரண்டு வகை.

மறுநாள் காலை டீ குடித்தேன். உப்புத் தண்ணீரில் டப்பாப் பால் ஊற்றிப் போட்ட டீ. இதைக் குடித்துப் பழகியவர்களுக்கு ஊர் டீ சப்பென்று இருக்குமாம். குடிதண்ணீர் டாங்கர் லாரியில் வரும். எந்த வீட்டுத் தொட்டியை முதலில் நிரப்புவது, ஜெனரேட்டரை எத்தனை மணிக்கு நிறுத்துவது, காலியாகிற ரூம் யாருக்கு என்று முடிவு செய்ய ஒரு கமிட்டி இருந்தது. காம்பவுண்டில் இருந்த எல்லாரும் சேர்ந்து கையைத் தூக்கித் தேர்ந்தெடுத்த கமிட்டி. அதற்குச் செயலாளர், மாயவரத்துக்காரரான கம்பெனி கணக்கர். அவர் மனைவி கமலா. காம்பவுண்டில் இருந்த ஒரே இந்துக் குடும்பம்.

கமலா அன்று மத்தியானமே வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் கொண்டுவந்து வைத்தாள். "எஸ்தருக்கு வாய்க்கு எதுவும் பிடிக்கலைங்க. இதுதான் இறங்குது" என்றாள். எஸ்தர் அதைக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். முந்தைய மாசங்களில் மசக்கையோடு அவள் கிடந்தபோது வாளி பிடித்தது, தலையைக் கோதி விட்டது, துணி துவைத்தது எல்லாம் கமலாதான். பிரசவத்துக்குள் எனக்குக் கல்லூரி திறந்துவிடும். நான் போன பிறகும் ஒரு பெண்துணை பக்கத்தில் இருக்கிறது என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

முதல் வெள்ளிக்கிழமை மூப்பர் பிரசங்கம் செய்தார். உழைப்பைப் பற்றி. நேரத்துக்கு எழும்புகிறவன், கள்ளக் கையெழுத்துப் போடாதவன், சைட்டில் சாமானைச் சேதமாக்காதவன், இவர்களிடத்தில் கிருபை தங்கும் என்றார். மத்தியானம் எஸ்தரின் ரூமில் பெண்கள் கூடினார்கள். அது அவள் ஆரம்பித்து வைத்த வழக்கம். நாலைந்து பாட்டு, பிறகு காலைப் பிரசங்கத்தைப் பற்றிப் பேச்சு. கமலாவும் கதவோரமாக வந்து உட்கார்ந்திருந்தாள். பாட்டுக்காக வருகிறேன் என்பாள். அன்றைக்கு ஒரு சந்தேகம் கேட்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. மூப்பர் சொல்றதப் பாத்தா ஒழுங்கா டூட்டிக்குப் போறவனுக்குத்தான் மோட்சம் போலிருக்கு. கிருபைன்னா சும்மா கிடைக்கிறதுன்னு போன வாரம் எஸ்தர் சொன்னாங்களே?"

எஸ்தர் சிரித்துவிட்டாள். "அது மூப்பர் பிரசங்கம் இல்ல கமலா, மேனேஜர் பிரசங்கம்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றது. நல்ல நடத்தையைப் பார்த்து ஒருவனுக்குக் கிருபை கிடைத்ததா என்று சொல்ல முடியுமா, முடியாதா? மாசச்சூசெட்ஸில் ஒரு பெண் தன் வீட்டில் பெண்களைக் கூட்டி வைத்து, போதகரின் பிரசங்கத்தை அலசி, இதே கேள்வியைத்தான் கேட்டாள். அவளை விசாரித்து நாடு கடத்தினார்கள். அப்போது அவளும் பிள்ளைத்தாய்ச்சி. வகுப்பில் பரபரப்பாகச் சொல்லுகிற கதை அது. தங்கையின் கட்டிலிலிருந்து எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.

சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் 'மேனேஜர் பிரசங்கம்' மேனேஜர் காதுக்குப் போய்விட்டது. அவர் வந்து வாசலில் நின்றே பேசினார். கூட்டத்தை நிறுத்த வேண்டும், அதுவும் அன்னியரை உட்கார வைத்து வேதம் பேசவே கூடாது என்றார். "யோசிச்சுச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்றாள் எஸ்தர். அவளுக்கு யோசிப்பதற்கு ஒன்றும் இல்லை என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. போகும்போது மூப்பர் என்னைப் பார்த்து, "அமெரிக்கா சரித்திரம் படிச்சவங்கன்னு கேள்விப்பட்டேன். வாற வெள்ளிக்கிழமை சபைக்கு ரெண்டு வார்த்தை சொல்லணும்" என்றார்.

கரும்பு தின்னக் கூலியா என்று நினைத்தேன். பியூரிட்டன்கள் கதையையே சொல்வோம், அந்தப் பெண்ணை நாடு கடத்திய கதையைக் கேட்டால் எவருக்கும் வெட்கம் வரும், எஸ்தரை விட்டுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன்.

வாத்தியார் புத்தி வாத்தியார் புத்திதான். எந்த விஷயமானாலும் முதலில் நிறை, பிறகு குறை என்று சொல்லியே எனக்குப் பழக்கம். பரீட்சையில் 'ஆராய்க' என்று கேட்டால் அப்படித்தான் எழுத வேண்டும். மெஸ் ஹாலில் எழுந்து நின்றதும் வாய் அந்தத் தடத்திலேயே ஓடியது. பிள்ளைகள் வேதம் வாசிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடம் வைத்தார்கள் என்றேன். வருஷா வருஷம் தேர்தல் நடத்தினார்கள், குடியும் சூதும் ஊருக்குள் நுழையாமல் பார்த்துக்கொண்டார்கள் என்றேன். தலைகள் ஆடின. சபையில் சேர்ந்த ஆண்களுக்கு மட்டும்தான் ஓட்டு, சபையில் சேர வேண்டுமானால் எல்லார் முன்னாலும் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும், சாட்சி இல்லாதவனும் வரி கட்ட வேண்டும், ஆனால் ஆட்சியில் அவனுக்குப் பேச்சு கிடையாது என்றேன். இதைக் குறையாகத்தான் சொன்னேன். முன் வரிசையில் ஒருவர் "ஸ்தோத்திரம்" என்றார்.

குரலை உயர்த்தி, அந்தப் பெண்ணை நிற்க வைத்துக் கேள்வி கேட்டதையும் பனிக்காலத்து முடிவில் ஊரை விட்டு அனுப்பியதையும் சொன்னேன். ஹாலில் ஒருவரும் அசையவில்லை. பிறகுதான் புரிந்தது, அது வெட்கத்தின் அமைதி இல்லை. நல்ல பாடம் கேட்கிற பிள்ளைகளின் அமைதி.

கதையில் ஒரு பகுதியை வேண்டுமென்றே விட்டேன். ஊரை விட்டுப் போன பிறகு அந்தப் பெண்ணுக்குக் கரு சிதைந்தது. அது அவளுடைய தவறான போதனைக்குக் கடவுள் கொடுத்த தீர்ப்பு என்று தலைவர்கள் பிரசங்கம் பண்ணினார்கள். எதிரே எஸ்தர் வயிற்றில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எப்படிச் சொல்வேன்?

மூப்பர் எழுந்தார். "டீச்சர், அப்படிச் சட்டம் வச்சப்புறம் அந்த ஊர் நிலைச்சுதா, அழிஞ்சுதா?"

"கொஞ்ச காலம் நிலைச்சுது. பெறகு..."

"அந்த ஊர் இருக்கிற தேசம் இன்னைக்கு எங்க இருக்கு, நாம எங்க இருக்கோம்னு பாருங்க" என்று சபையைப் பார்த்துச் சொன்னார். அதற்குப் பிறகு நான் பேசியது எதுவும் ஏறவில்லை. போதகர்கள் பதவியில் உட்காரக் கூடாது என்றும் பியூரிட்டன்கள் சட்டம் வைத்திருந்தார்கள். அதையும் சொல்லத்தான் செய்தேன். அதை மட்டும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த வாரமே காம்பவுண்டில் புதுச் சட்டம் வந்தது. சாட்சி உள்ளவர்களுக்குத்தான் கமிட்டி, சாட்சி உள்ளவர்களுக்குத்தான் கை தூக்கும் உரிமை. கமலாவின் கணவர் செயலாளர் வேலையை விட்டு இறங்கினார். "நல்லதாப் போச்சு, தலைவலி விட்டுது" என்று என்னிடம் சொன்னார். அன்றிலிருந்து அவர்கள் வீட்டுத் தொட்டிக்குக் கடைசியில்தான் தண்ணீர். அடியில் மிஞ்சியது, துரு வாடையோடு. கமலா அதைத் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

எஸ்தர் கூட்டத்தை நிறுத்தவில்லை. கமலாவையும் வராதே என்று சொல்லவில்லை. மூன்றாம் வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்ததும் விசாரணை வைத்தார்கள். சாட்சி இல்லாதவர்கள் வெளியே போக வேண்டும் என்றார்கள். நானும் வெளியே. பின்பக்கம் சமையல்கட்டு ஜன்னலுக்குக் கீழே நின்றோம், நானும் கமலாவும். கமலா ஒரு அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி உள்ளே பார்த்தாள். எனக்குக் குரல்கள் மட்டும் கேட்டன.

"பொம்பளைகளைக் கூட்டி வச்சுப் பிரசங்கத்தை அலசுதீங்களாமே. அதுக்கு வேதத்தில இடம் இருக்கா?" இது மூப்பர்.

"மூத்த பெண்கள் இளையவங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும்னு இருக்கு" என்றாள் எஸ்தர்.

"கணக்கர் வீட்டம்மா விசுவாசியா?"

"கேக்க வந்தவங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு எங்க இருக்கு அண்ணாச்சி?"

"மேனேஜர் பிரசங்கம்னு சொன்னது உண்டா?"

"உண்டு."

"மன்னிப்புக் கேக்கியளா?"

கேட்டுத் தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். சரித்திரம் தெரிந்தவள் நான். இந்த இடத்தில்தான் அந்தப் பெண்ணும் வாயைக் கொடுத்தாள்.

"உங்கட்ட மன்னிப்புக் கேட்டாத்தான் கர்த்தர் என்னை ஏத்துக்கிடுவாருன்னா, அவரும் கம்பெனி விசா குடுக்கிறவருன்னு ஆயிரும். என் கர்த்தர் எங்கிட்ட நேரா பேசுதாரு."

நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. எஸ்தரைச் சபையை விட்டும் காம்பவுண்டை விட்டும் விலக்கக் கைகளைத் தூக்கினார்கள் போலிருக்கிறது. "தங்கராஜ் சார் தூக்கலைங்க டீச்சரம்மா" என்றாள் கமலா மேலேயிருந்து. மற்றவர்கள் என்று கேட்டேன். அவள் அண்டாவிலிருந்து இறங்கினாள். மத்தியானக் கூட்டத்தில் எஸ்தரோடு சேர்ந்து சிரித்தவர்கள் எல்லாரும் உள்ளேதான் இருந்தார்கள்.

மூப்பர் வெளியே வந்து என்னிடம் கை கூப்பினார். "மனசில வச்சுக்கிடாதீங்க டீச்சர். ஆளைப் பாக்கல, சபையைப் பாத்தோம். அப்படிச் செஞ்சதாலதான் அந்த ஊர் நிலைச்சுதுன்னு நீங்களே சொன்னீங்க." நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஹாலில் அத்தனை பேருக்கும் நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

தங்கராஜின் வேலை தப்பியது, ஸ்டோர் கணக்கு அவருக்குத்தான் அத்துப்படி என்பதால். ரூம் போய்விட்டது. அந்த வாரமே முதலாளி வந்தார். நான் துணிந்து அவர் வண்டிக்கு முன்னால் போய் நின்று, பிள்ளைத்தாய்ச்சியை வெளியே அனுப்புகிறார்கள் என்று இங்கிலீஷில் சொன்னேன். டிரைவர் அதை உருதுவிலும் அரபியிலும் கலந்து சொன்னார். முதலாளி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னது இப்படித் திரும்பி வந்தது: இது உங்கள் ஆட்களுக்குள் விஷயம், ஏசுவடியான் கடவுளுக்குப் பயந்தவர், அவர் வந்த பிறகு இங்கே சண்டை மாஃபி, திருட்டு மாஃபி, ஒன்றும் இல்லை. கல்லாஸ், பேச்சு முடிந்தது என்று கையைத் தட்டினார். வண்டி போய்விட்டது.

கேட்டுக்கு எதிர்ப்புறம் காயல்பட்டினத்துக் காசிம் பாய் மளிகைக்கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் மூட்டை அடுக்குகிற ஒரு ரூம். விஷயம் கேள்விப்பட்டதும் அவரே வந்து, "மூட்டையை வெளிய போட்டுக்கிடலாம். புள்ளத்தாச்சிப் பொண்ணை வெளிய போட முடியுமா டீச்சரம்மா?" என்றார். தங்கராஜ் கட்டிலையும் ஸ்டவ்வையும் பிக்கப்பில் ஏற்றினார். தூக்கிக்கொண்டு போகிற தூரம்தான், இருந்தாலும் யாரும் தூக்க வரவில்லை. அன்று காசிம் பாய் வீட்டிலிருந்து நெய்ச்சோறும் களறிக்கறியும் வந்தன. அவ்வளவு ருசியான சாப்பாட்டை அவ்வளவு துக்கத்தோடு நான் சாப்பிட்டதில்லை. எஸ்தர் தொடவே இல்லை.

ரூமில் மசாலா நெடியும் எலியும் உண்டு, ஜன்னல் கிடையாது. கடை ஜெனரேட்டரிலிருந்து ஒரு ஒயர் இழுத்து விசிறி போட்டுக் கொடுத்தார் பாய். எஸ்தர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவள் அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நாலாம் நாள் அவளுக்கு ரத்தம் பட்டது. பிக்கப்பில் துபாய் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தங்கராஜ் இந்தத் தடவை குறுக்கு வழி பார்க்கவில்லை. பிள்ளைக்கு ஒன்றுமில்லை, அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. திரும்பி வரும்போது எஸ்தர் என் தோளில் சாய்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"முன்ன ரெண்டும் ஏன் நிக்கலைன்னு இப்பத் தெரியுதுக்கா."

"ஏட்டி, வாயை மூடு. ஒடம்புக்கு முடியாம இருந்துச்சு, அவ்வளவுதான்."

"நான் சரியா நடக்கல. கர்த்தர் போட்ட வேலியை உடைச்சு அன்னியரை உள்ள விட்டுட்டேன்."

நான் ஹாலில் சொல்லாமல் விட்ட பகுதியை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளாகவே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டாள். திட்டினேன், கெஞ்சினேன். அவள் கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் எஸ்தர் எழுந்து உட்கார்ந்து வேதம் படிக்க ஆரம்பித்தாள். முகத்தில் ஒரு தெளிவு வந்தது. தேறிவிட்டாள் என்று தங்கராஜ் சந்தோஷப்பட்டார். நான் ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள் வெள்ளிக்கிழமை. பெண்கள் கூட்டத்தை இங்கே வைக்கப் போவதாகச் சொன்னாள். எனக்கும் சந்தோஷம்தான். பழைய எஸ்தர் திரும்பிவிட்டாள் என்றே நினைத்தேன். காம்பவுண்டிலிருந்து இரண்டு பெண்கள், சாமான் வாங்குகிற சாக்கில் முக்காடு போட்டுக்கொண்டு வந்தார்கள். கை தூக்கியவர்கள்தான். எஸ்தர் அவர்களை எழுந்து நிற்க வைத்து, செய்தது பாவம் என்று சொல்ல வைத்த பிறகே உட்காரச் சொன்னாள்.

பிறகு கமலா வந்தாள். அவள் கணவர் போக வேண்டாம் என்று மன்றாடியிருக்கிறார். ரூம் போய்விட்டால் நாம் எங்கே போவது என்று கேட்டிருக்கிறார். இவள் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு, கேட்டில் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி நடந்து வந்திருந்தாள். எஸ்தர் கதவில் கை வைத்து நின்றாள்.

"கோச்சுக்கிடாத கமலா. இனிமே சாட்சி உள்ளவங்க மட்டும்தான்."

கமலாவுக்கு முதலில் விளங்கவில்லை. சிரிக்கப் பார்த்தாள். பிறகு கேட்டாள், "என்ன சொல்லணும் எஸ்தர்? சொல்லிக் குடுங்க, சொல்றேன்."

"சொல்லிக் குடுத்து வராது."

"சரி. இதை வாங்கிக்கங்க. ஆறிப் போனா நல்லாருக்காது."

எஸ்தர் கேரியரை வாங்கவில்லை. கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். "ஏட்டி, அவளை உள்ள விட்டதுக்குத்தானே உன்னை வெளிய தள்ளினாங்க?" என்று கேட்டேன். எஸ்தர் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அதனாலதாங்க்கா."

நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். எனக்கும் சாட்சி கிடையாது, உள்ளே இருக்க என்ன உரிமை? கமலா கடை நிழலில் நின்றிருந்தாள். காசிம் பாய் அவளுக்கு ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டிருந்தார், அவள் உட்காரவில்லை. உள்ளே பாட்டு ஆரம்பித்தது. அவளுக்குத் தெரிந்த பாட்டு.

"டீச்சரம்மா, நாளைக்கு நீங்க போயிடுவீங்க. அவங்களுக்கு மாசம் நெருங்குது" என்றாள். "கதவுக்கு வெளியில உக்காரக் கூடாதுன்னு சட்டம் ஒண்ணும் இல்லையே?"

இல்லை என்றேன். நடுரோட்டில் நின்று அழுதேன். மறுநாள் கப்பல் ஏறினேன்.

அடுத்த வருஷம் தங்கராஜ் மட்டும் லீவில் வந்தார். பெண் குழந்தை, நல்ல நிறம், மூக்கு எஸ்தர் மாதிரி என்றார். ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுப்பதற்குள் வலி கூடி ரூமிலேயே பிறந்துவிட்டதாம். கூட்டத்துப் பெண்கள் உள்ளே இருந்தார்களாம். கமலா காலையிலிருந்து கதவுக்கு வெளியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாளாம், வெந்நீர் போட்டுப் போட்டுக் கொடுத்தாளாம்.

"அவளை உள்ள கூப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

தங்கராஜ் தரையைப் பார்த்தார். "பிள்ளை அழுத சத்தம் அவங்களுக்கும் கேட்டுது மைனி" என்றார்.